அலாரம் அடித்தால் யாருக்குக் கேட்கும்? வீட்டு அலாரம் கண்காணிப்புச் சேவையைக் கட்டுப்படியான விலையில் தேர்ந்தெடுப்பது எப்படி

"வீட்டுக்கு அலாரம் போட்டாச்சு, இனி யாராவது கதவைத் தொட்டால் போலீஸ் வந்து நின்றுவிடும்." டொராண்டோ, நியூ ஜெர்சி, டல்லாஸ் என்று வட அமெரிக்காவில் நம்மவர்கள் வீடு வாங்கும் இடமெல்லாம் இந்தப் பேச்சு காதில் விழும். உண்மை வேறு. வீட்டு அலாரம் நேராகப் போலீசிடம் போவதில்லை. மாதாமாதம் கட்டுகிற பணமும் சுவரில் மாட்டிய பெட்டிக்கானது அல்ல. வாசலில் கேமரா வைத்துவிட்டால் அதைக் கண்காணிப்புச் சேவை என்றும் சொல்ல முடியாது. இது பிடிபடாமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் மாதம் 50, 60 டாலர் என்று வருடக்கணக்கில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதே வேலையை அதில் பாதிக்கும் குறைவான விலையில் செய்துதரும் நிறுவனங்கள் இருக்கின்றன. அந்த வேலை எது என்று தெரிந்துவிட்டால் விலையை எடைபோடுவது சுலபம்.

## நாயும் பக்கத்து வீட்டு அக்காவும்

ஊரில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது என்ன செய்வோம்? பக்கத்து வீட்டு அக்காவிடம் "கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று சொல்லி, நம் போன் நம்பரையும் தம்பி நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவோம். ராத்திரியில் நாய் விடாமல் குரைத்தால் அக்கா விளக்கைப் போட்டு எட்டிப் பார்ப்பார். நமக்குப் போன் போடுவார். நாம் எடுக்காவிட்டால் தம்பிக்குப் போடுவார். அவரும் எடுக்காவிட்டால் ஸ்டேஷனுக்குச் சொல்வார்.

வீட்டு அலாரத்தின் சைரன் அந்த நாயைப் போல. சத்தம் போடும், அதோடு அதன் வேலை முடிந்தது. கண்காணிப்புச் சேவை அந்த அக்காவைப் போல. சத்தம் வந்ததை அறிந்து, கையில் இருக்கிற பட்டியல்படி வரிசையாகப் போன் போடுகிற ஆளுக்குத்தான் நீங்கள் மாதக் கட்டணம் கொடுக்கிறீர்கள்.

ஒரே ஒரு இடத்தில் இந்த ஒப்புமை உதவாது. இந்த அக்கா உங்கள் தெருவில் இல்லை. பல நூறு மைல் தள்ளி, கண்காணிப்பு மையம் என்கிற ஒரு கூடத்தில், திரைக்கு முன்னால் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்திருக்கிறார். எட்டிப் பார்க்க அவரால் முடியாது. உங்கள் வீட்டிலிருந்து வரும் ஒரு எண் வரிசை மட்டுமே அவருக்குத் தெரியும். அந்த எண் வரிசை அவரிடம் போய்ச் சேர வேண்டும், அவரிடம் இருக்கும் பட்டியல் சரியாக இருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்குவது இந்த இரண்டையும்தான்.

## வீட்டுக்குள் என்ன இருக்கிறது

எல்லா வீட்டு அலாரத்திலும் நடுவில் இருப்பது பேனல். முடிவெடுக்கும் மூளை அது. பழைய வீடுகளில் பேஸ்மென்ட்டிலோ துணி அலமாரிக்குள்ளோ ஒரு தகரப் பெட்டியாக இருக்கும். புதிய வகைகளில் கீபேடும் பேனலும் ஒரே திரையாகச் சுவரில் தொங்கும்.

பேனலுக்குச் செய்தி சொல்பவை சென்சார்கள். கதவு சென்சார் என்பது ஒரு காந்தமும் ஒரு சின்ன ஸ்விட்சும். கதவு திறந்து காந்தம் விலகினால் ஸ்விட்ச் மாறும். அசைவு சென்சார் உடம்புச் சூடு இடம் மாறுவதைப் பிடிக்கும். கண்ணாடி உடையும் ஒலியைப் பிடிப்பது ஒன்று, புகைக்கு ஒன்று, கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு ஒன்று என்று இவை தனித்தனி. ஒவ்வொரு சென்சாருக்கும் பேனலில் ஒரு எண் உண்டு. அந்த எண்ணை மண்டலம் என்பார்கள். மண்டலம் 1 முன்கதவு, மண்டலம் 3 பின்கதவு என்பது போல.

கரண்ட் போனால் பேனலைத் தாங்குவதற்கு உள்ளே ஒரு பேட்டரி இருக்கும். தகரப் பெட்டி வகையில் அது 12 வோல்ட், 4 அல்லது 7 ஆம்பியர்-மணி பேட்டரி. மூன்றிலிருந்து ஐந்து வருடத்தில் செத்துவிடும். கடையில் வாங்கி சிவப்பு, கறுப்பு ஒயரை அதே இடத்தில் மாட்டினால் போதும். இதற்கென்று ஆள் அனுப்பிக் கட்டணம் கேட்கிற கம்பெனிகள் இருக்கின்றன. அந்தப் பணத்தை மிச்சப்படுத்தலாம்.

## அந்த எண் வரிசையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்

நள்ளிரவில் பின்கதவு திறக்கிறது. பேனல் கண்காணிப்பு மையத்துக்கு அனுப்புவது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

1234 18 1131 01 003

முதல் நான்கு எண்கள் உங்கள் கணக்கு எண். 18 என்பது இது எந்த வகைச் செய்தி என்பதற்கான அடையாளம். அடுத்த 1131-இல் முதல் 1 "புதிதாக நடந்தது" என்கிறது. 131 என்றால் வீட்டின் வெளிச்சுற்றில், அதாவது கதவு ஜன்னலில், அத்துமீறல். 01 வீட்டின் பகுதி. 003 மண்டலம் 3. 131-க்குப் பதில் 110 வந்தால் தீ. 301 என்றால் கரண்ட் இல்லை. 302 என்றால் பேட்டரி இறங்கிவிட்டது. 602 என்றால் "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று பேனல் அவ்வப்போது அனுப்பும் சோதனைச் செய்தி.

இந்த மொழிக்கு கான்டாக்ட் ஐடி என்று பெயர். பெரும்பாலான பேனல்களும் மையங்களும் இதைப் புரிந்துகொள்ளும். உங்களுக்கு இதில் இருக்கிற செய்தி ஒன்றுதான்: வழக்கமாக மையத்துக்குப் போவது வீடியோ அல்ல, ஒரு வரி எண். 25 டாலர் கட்டினாலும் 60 டாலர் கட்டினாலும் போவது இதே வரிதான். விலை ஏற ஏற அந்த வரி கூடுதலாக எதையும் சொல்வதில்லை.

சுருக்கமாக: சென்சார் பேனலிடம் சொல்கிறது, பேனல் ஒரு வரி எண்ணை அனுப்புகிறது, மையத்தில் ஒருவர் அதைப் படித்துப் போன் போடுகிறார்.

## செய்தி போகும் வழி: இங்கேதான் கவனம் வேண்டும்

அந்த வரி வீட்டைவிட்டு வெளியே போக மூன்று வழிகள் உண்டு.

பழைய வழி தரைவழி டெலிபோன். பேனலே மையத்துக்குப் போன் போட்டு, எண்களைப் போன் பட்டன் ஒலிகளாக வாசிக்கும். செலவு குறைந்த வழி. ஆனால் வீட்டுக்கு வெளியே சுவரில் இருக்கும் ஒயரை அறுத்தால் கதை முடிந்தது. இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரிவதில்லை. தரைவழி போனை எடுத்துவிட்டு இன்டர்நெட் வழியாக வரும் போனுக்கு மாறிய வீடுகளில் பேனலின் ஒலிகள் வழியில் சிதைந்து, மையத்துக்குப் பாதிதான் கேட்கும். போனில் நாம் பேசுவது நன்றாகவே கேட்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. அலாரம் அடித்த பிறகுதான் செய்தி போகவில்லை என்று தெரியவரும்.

இரண்டாவது வழி வீட்டு இன்டர்நெட். வேகமானது, கூடுதல் செலவு இல்லை. மோடம், ரவுட்டர் இரண்டுக்கும் கரண்ட் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. பேனலுக்குள் பேட்டரி இருந்து பயனில்லை, ரவுட்டர் அணைந்தால் பாதை அடைபடும். ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி மோடத்தையும் ரவுட்டரையும் அதில் மாட்டிவிட்டால் சரியாகிவிடும்.

மூன்றாவது செல்போன் அலை. பேனலுக்குள் ஒரு சிம் இருக்கும். அறுக்க ஒயர் கிடையாது. இன்று இதுதான் நம்பகமான வழி, அதனாலேயே மாதத்துக்குச் சில டாலர் கூடும். இதிலும் வயது முக்கியம். அமெரிக்காவில் ஏடி அண்ட் டி தன் 3ஜி சேவையை 2022 பிப்ரவரி 22-இல் நிறுத்தியது, அந்த ஆண்டு முடிவதற்குள் வெரைசனும் நிறுத்திவிட்டது. 3ஜி சிம்மோடு இருந்த பேனல்களால் அதன் பிறகு செல் வழியில் எதையும் அனுப்ப முடியவில்லை. பழைய வீட்டோடு வந்த பேனல் என்றால் "இதில் இருக்கும் செல் மாட்யூல் (சிம் மாட்டிய பாகம்) எல்டிஇ-யா, அதாவது 4ஜி-யா?" என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

பாதை அறுந்தால் மையத்துக்கு எவ்வளவு நேரத்தில் தெரியும் என்பதையும் கேட்க வேண்டும். பேனலும் மையமும் குறிப்பிட்ட இடைவெளியில் ஒன்றையொன்று "இருக்கிறாயா?" என்று கேட்டுக்கொள்ளும். இதை இதயத்துடிப்பு என்பார்கள். சில திட்டங்களில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, சிலவற்றில் ஒரு மணிக்கு ஒருமுறை, சிலவற்றில் நாளுக்கு ஒருமுறை. தரைவழி மட்டும் உள்ள பேனலில் வாரத்துக்கு ஒரு சோதனைச் செய்தி என்றுகூட அமைத்திருப்பார்கள். திங்கட்கிழமை ஒயர் அறுந்தால் அடுத்த திங்கள் வரை மையத்துக்குத் தெரியாது. இரண்டு திட்டங்களுக்கு விலை ஒன்றாக இருந்தால் இந்த இடைவெளியை வைத்து முடிவெடுங்கள்.

எங்கள் கருத்து: இன்டர்நெட் முதல் வழியாகவும் செல் அலை மாற்று வழியாகவும் இருக்கும் திட்டமே காசுக்கு ஏற்ற திட்டம். ஒன்றுதான் முடியும் என்றால் செல் அலை.

## மையத்தில் அடுத்த இரண்டு நிமிடம்

செய்தி வந்ததும் ஆபரேட்டரின் திரையில் உங்கள் முகவரி, மண்டலத்தின் பெயர், போன் பட்டியல் எல்லாம் விரியும். திருட்டு அலாரம் என்றால் முதலில் உங்களுக்குத்தான் போன். பெயரும் ரகசியச் சொல்லும் கேட்பார். சரியாகச் சொன்னால் முடிந்தது. யாரும் எடுக்காவிட்டால் அடுத்த எண்ணுக்குப் போவார். குறைந்தது இரண்டு வெவ்வேறு எண்களுக்குப் போன் போட்ட பிறகே போலீசைக் கூப்பிட வேண்டும் என்ற விதி அமெரிக்காவின் பல இடங்களில் இருக்கிறது.

தீ அலாரம் வந்தால் வரிசை மாறும். பொதுவாகத் தீயணைப்புத் துறைக்குச் சொல்லிவிட்டுத்தான் உங்களை அழைப்பார்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்திலும் காத்திருக்க நேரமில்லை. அது வாசனையில்லாத வாயு, தூங்குகிறவர்களை எழுப்பாமலே கொன்றுவிடும். கண்காணிப்புச் சேவைக்குக் காசு கொடுப்பதற்கு எங்களைக் கேட்டால் திருடனைவிட இதுவே பெரிய காரணம்.

போலீஸ் ஏன் உடனே வருவதில்லை? வீட்டு அலாரங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் பொய் அலாரம். யாரோ கீபேடில் அழுத்தும் கோடு (ரகசிய எண்) மறந்திருப்பார்கள், காற்றில் கதவு ஆடியிருக்கும். அதனால் சில நகரங்கள் சான்று கேட்கின்றன. சால்ட் லேக் சிட்டி 2000-ஆம் ஆண்டிலேயே இதைக் கொண்டுவந்தது. டொராண்டோவில் 2018 செப்டம்பர் 10 முதல் இதுதான் விதி. ஒன்றுக்கு மேற்பட்ட மண்டலங்கள் அடிக்க வேண்டும், அல்லது ஒலி, வீடியோ, நேரில் பார்த்த சாட்சி என ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். அப்போதுதான் திருட்டு அலாரத்துக்குப் போலீசை அனுப்புவார்கள். உதவி கேட்டு நாமே அழுத்தும் ஆபத்துப் பட்டனுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

இதன் விளைவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். டொராண்டோ நகர எல்லைக்குள் முன்கதவுக்கு ஒன்று, பின்கதவுக்கு ஒன்று என்று இரண்டே சென்சாரோடு வருகிற மலிவுத் திட்டத்தை வாங்கினால், திருடன் பின்கதவை உடைத்து வரும்போது ஒரு மண்டலம்தான் அடிக்கும். சான்று கிடைக்காது. நடைக்கூடத்தில் ஒரு அசைவு சென்சார் சேர்த்தால் கதவும் அசைவும் அடுத்தடுத்து அடிக்கும், இரண்டு மண்டலம் ஆகிவிடும். ஒரு சென்சாரின் விலை மாதக் கட்டணம் முழுவதையும் அர்த்தமுள்ளதாக்குகிறது. பக்கத்து ஊர்களின் போலீசுக்கு அவரவர் விதி உண்டு. உங்கள் ஊரின் விதியை நகராட்சி அல்லது போலீஸ் இணையதளத்தில் பார்த்துவிட்டுச் சென்சார் வாங்குங்கள். அலாரத்துக்குப் பதிவோ பெர்மிட்டோ வேண்டுமா, பொய் அலாரத்துக்கு அபராதம் எவ்வளவு என்பதும் அங்கேயே இருக்கும்.

சுருக்கமாக: ஆபரேட்டர் போலீஸ் அல்ல. அவர் உங்கள் பட்டியலைப் பார்த்து அழைக்கிறவர். போலீஸ் வருமா என்பது உங்கள் ஊர் விதியையும் உங்கள் சென்சார் அமைப்பையும் பொறுத்தது.

## போனிலேயே பார்த்துக்கொள்ளலாமே?

பார்த்துக்கொள்ளலாம். அலாரம் அடித்தால் நேராக உங்கள் போனுக்கு அறிவிப்பு வரும்படி வைப்பதைத் தற்கண்காணிப்பு என்கிறோம். மாதக் கட்டணம் பெரும்பாலும் இல்லை. இருந்தாலும் சொற்பம். வீட்டில் எப்போதும் ஒருவர் இருக்கிற குடும்பத்துக்கு, போனைக் கையிலேயே வைத்திருக்கிறவர்களுக்கு இது போதும்.

நீங்கள் விமானத்தில் இருக்கும்போது, போனைச் சைலன்ட்டில் போட்டுத் தூங்கும்போது, கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தத்துக்கு நடுவே இருக்கும்போது அந்த அறிவிப்பைப் பார்க்க யாரும் இல்லை. நடுவழியாகச் சில கம்பெனிகள் மாதம் மாதம் சேவையைப் போடவும் எடுக்கவும் விடுகின்றன. வருடம் முழுக்கத் தற்கண்காணிப்பு, ஊருக்குப் போகிற ஆறு வாரத்துக்கு மட்டும் கட்டணச் சேவை. கட்டுப்படியான ஏற்பாடுகளில் இது எங்களுக்கு மிகவும் பிடித்தது.

## கணக்கு: மாதத்தைப் பார்க்காதீர்கள், மொத்தத்தைப் பாருங்கள்

ஆள் வந்து மாட்டிக் கொடுத்து, நீண்ட ஒப்பந்தம் போடும் பெரிய கம்பெனிகளில் பொதுவாக மாதம் 30 முதல் 60 டாலர். நாமே ஒட்டிக்கொள்ளும் வகையில் 10 முதல் 30. ஏற்கெனவே இருக்கும் பேனலுக்குக் கண்காணிப்பு மட்டும் கொடுக்கும் கம்பெனிகளில் இன்டர்நெட் வழிக்குப் பத்துப் பதினைந்து டாலர், செல் அலைக்கு இருபதை ஒட்டி.

"பேனல் இலவசம்" என்பதை எடுத்துக்கொள்வோம். தொடக்கக் கட்டணம் 99 டாலர், மாதம் 50, ஒப்பந்தம் 36 மாதம். 50-ஐ 36-ஆல் பெருக்கினால் 1,800. மொத்தம் 1,899. இன்னொரு பக்கம் 350 டாலருக்கு நீங்களே கருவி வாங்கி, மாதம் 20 கட்டினால் 36 மாதத்துக்கு 720. மொத்தம் 1,070. வித்தியாசம் 829 டாலர். 37-ஆம் மாதத்திலிருந்து முதலாவதில் அதே 50, இரண்டாவதில் அதே 20. இலவசம் என்று சொன்ன பேனலின் விலையை நீங்கள் தவணையில் கட்டி முடித்த பிறகும் தவணை நிற்பதில்லை.

வேலை மாறி 14-ஆம் மாதம் வேறு ஊருக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். மீதி 22 மாதம், 1,100 டாலர். ஒப்பந்தத்தில் "மீதித் தொகையில் 75 சதவீதம்" என்று இருந்தால் சேவையே இல்லாமல் 825 டாலர் கட்ட வேண்டும். இந்த வரி எப்போதும் சின்ன எழுத்தில்தான் இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு வரிகளைத் தேடுங்கள். ஒன்று, காலம் முடிந்ததும் ஒப்பந்தம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளுமா, எத்தனை நாளுக்கு முன் எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது. மற்றது, நடுவில் கட்டணத்தை உயர்த்த அவர்களுக்கு உரிமை உண்டா என்பது.

காப்பீட்டுத் தள்ளுபடியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கண்காணிப்பு உள்ள வீட்டுக்குப் பல காப்பீட்டு நிறுவனங்கள் பிரீமியத்தைக் குறைக்கின்றன. வருடம் 1,400 டாலர் பிரீமியத்தில் 10 சதவீதம் கிடைத்தால் 140, அதாவது மாதம் கிட்டத்தட்ட 12 டாலர். மாதம் 20 கட்டுகிறவருக்கு உண்மையான செலவு 8 ஆகிவிடும். கண்காணிப்புச் சான்றிதழைக் கம்பெனியிடம் கேட்டு வாங்கிக் காப்பீட்டு ஏஜென்ட்டுக்கு அனுப்ப வேண்டும், தானாக நடக்காது. தற்கண்காணிப்புக்குப் பெரும்பாலும் இந்தத் தள்ளுபடி இல்லை. ஏஜென்ட்டிடம் பேசும்போதே நகைக்கு எவ்வளவு வரை ஈடு கிடைக்கும் என்றும் கேட்டுவிடுங்கள். வீட்டுக் காப்பீட்டில் நகைத் திருட்டுக்குப் பெரும்பாலும் தனி உச்சவரம்பு இருக்கும், அது நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. திருடர்கள் சில நிமிடத்தில் வேலையை முடித்துக் கிளம்பிவிடுவார்கள். தாலிக்கொடியும் ஆரமும் இருக்க வேண்டிய இடம் வங்கி லாக்கர்.

வாசலுக்கு வந்து விற்கிறவர்களிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். "உங்க கம்பெனியை நாங்க வாங்கிட்டோம், பேனலை மாத்த வந்திருக்கோம்" என்று சொல்லிப் புது ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவது பழைய தந்திரம். கதவைச் சாத்திவிட்டு, பழைய பில்லில் இருக்கும் எண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டாலும் வழி இருக்கிறது. வீட்டில் வைத்து விற்ற ஒப்பந்தத்தை ரத்து செய்ய அமெரிக்காவில் மூன்று வேலை நாள், ஒன்டாரியோவில் ஒப்பந்தப் பிரதி கைக்கு வந்து பத்து நாள் அவகாசம் உண்டு. எழுத்தில் அனுப்பி, அனுப்பியதற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள்.

## வீட்டோடு வந்த பழைய பேனல்

பழைய வீடு வாங்கும்போது சுவரில் ஒரு கீபேடு இருக்கும். அதைப் பிடுங்கிப் போட அவசரப்படாதீர்கள். டிஎஸ்சி பவர்சீரீஸ், ஹனிவெல் விஸ்டா போன்ற பேனல்கள் பல வருடம் உழைப்பவை. ஒரு இன்டர்நெட் அல்லது செல் மாட்யூலை மட்டும் வாங்கி மாட்டினால் சென்சார், ஒயர், சைரன் எல்லாம் அப்படியே பயன்படும். பேனலின் பெயரும் மாடல் எண்ணும் தகரப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கமோ சர்க்யூட் பலகையிலோ இருக்கும். அதைப் படம் எடுத்துக் கண்காணிப்புக் கம்பெனிக்கு அனுப்பினால் எடுத்துக்கொள்வார்களா என்று ஒரே நாளில் சொல்லிவிடுவார்கள்.

தடை ஒன்று வரலாம். பேனலின் உள் அமைப்பை மாற்ற நிறுவுநர் கோடு, அதாவது அலாரத்தை மாட்டுகிறவர்கள் வைக்கும் ரகசிய எண், என்று ஒன்று வேண்டும். நீங்கள் தினமும் அழுத்தும் கோடு வேறு, இது வேறு. பழைய கம்பெனி இதை மாற்றிப் பூட்டியிருக்கலாம். டிஎஸ்சி பவர்சீரீஸ் பேனலில் இதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். பேட்டரியையும் மின் இணைப்பையும் கழற்றி மறுபடி மாட்டும்போது உள்ளே இருக்கும் ரிலே என்ற சின்ன ஸ்விட்ச் பத்து முறை படபடவென்று தட்டினால் பூட்டு போட்டிருக்கிறது என்று அர்த்தம். பழைய கம்பெனியிடம் கேட்டுப் பாருங்கள், கொடுக்காவிட்டால் பேனலின் பலகையை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும்.

சில கம்பெனிகளின் கருவி அவர்களுடைய சேவையில் மட்டுமே ஓடும். சேவையை விட்டால் பெட்டி வெறும் பிளாஸ்டிக். புதிதாக வாங்குகிறவர்கள் "இதை வேறு கம்பெனி கண்காணிக்க முடியுமா?" என்று முதலில் கேட்க வேண்டும். கட்டணம் உயரும் அன்று உங்கள் கையில் பேரம் பேச இருக்கும் ஒரே துருப்புச் சீட்டு இதுதான்.

## கம்பெனிக்குப் போன் போடும்போது

உங்களுக்கு விற்கிற கம்பெனி வேறாகவும், அலாரச் செய்தியை எடுக்கிற மையம் வேறாகவும் இருப்பது சகஜம். பல சின்ன கம்பெனிகள் பெரிய மையம் ஒன்றிடம் மொத்த விலைக்கு வாங்கி உங்களுக்குத் தருகின்றன. அதில் தவறில்லை, குறைந்த விலை சாத்தியமாவதே அதனால்தான். எந்த மையம், அதற்கு அமெரிக்காவில் யூஎல் 827, கனடாவில் யூஎல்சி எஸ்301 தரச் சான்று இருக்கிறதா, ஒரு மையம் செயலிழந்தால் மாற்று மையம் உண்டா என்று கேளுங்கள். பதில் தெரியாமல் தடுமாறும் கம்பெனியை விட்டுவிடலாம். நிறுவுநர் கோடு யாரிடம் இருக்கும், இதயத்துடிப்பு இடைவெளி எவ்வளவு, மாதத்துக்கு மாதம் என்ற ஒப்பந்தம் உண்டா, தீயும் கார்பன் மோனாக்சைடும் அதே கட்டணத்தில் அடங்குமா என்பவற்றையும் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

## நம் வீடுகளில் பொய் அலாரம் எங்கிருந்து வருகிறது

கடுகு வெடித்து, காய்ந்த மிளகாய் கருகும் தாளிப்புப் புகைக்குப் புகை சென்சார் அடிக்கும். மையத்தோடு இணைந்த சென்சார் என்றால் தீயணைப்பு வண்டியே வந்து நிற்கும். வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கும் இதே கதை. சமையல் அடுப்பிலிருந்து குறைந்தது 10 அடி, அதாவது 3 மீட்டர் தள்ளி வையுங்கள். சமையலறைப் பக்கத்துக்கு ஒளிமின் (போட்டோஎலக்ட்ரிக்) வகை வாங்குங்கள். அயனி (அயனைசேஷன்) வகை தாளிப்புக்குச் சீக்கிரம் அடித்துவிடும். பூஜை அலமாரிக்கு நேர் மேலே எந்த வகையும் வேண்டாம்.

பிறந்தநாள் முடிந்து கூரையில் மிதக்கும் பலூன், ஹீட்டர் காற்றில் அசைந்து அசைவு சென்சாரை ஏமாற்றிவிடும். கிளம்பும் முன் ஒரு அறைக்குள் போட்டுக் கதவைச் சாத்துங்கள்.

கோடு அழுத்தத் தடுமாறுவது இன்னொரு காரணம். பொய் அலாரத்தைக் குறைக்க வகுத்த சிபி-01 தரத்தைப் பின்பற்றும் பேனல்களில் உள்ளே வந்து கோடு அழுத்தக் குறைந்தது 30 வினாடி கிடைக்கும். வெளியே போக வழக்கமாக 60 வினாடி. சைரன் அடித்த பிறகும் மையத்துக்குச் செய்தி போவதற்கு முன் ரத்து செய்ய வழக்கமாக 30 வினாடி இருக்கும். வீட்டில் எல்லோரும் இதைத் தெரிந்துவைத்திருந்தால் பதற்றம் பாதியாகும்.

ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மா, அப்பா, அம்மம்மா இருக்கும் வீட்டில் இன்னொன்றும் வேண்டும். பால்கனிக் கதவைத் திறந்ததும் சைரன் அலறும், போனில் ஆங்கிலத்தில் யாரோ எதையோ கேட்பார்கள். அவருக்குப் பதில் தெரியாவிட்டால் ஆபரேட்டருக்கு அவரும் அந்நியர்தான். ரகசியச் சொல்லை அம்மம்மாவுக்கும் வாயில் வருகிற, ஆபரேட்டருக்கும் புரிகிற சொல்லாக வையுங்கள். "இட்லி" நன்றாக வேலை செய்யும். ஒருமுறை நீங்களே போன் போட்டு ஆபரேட்டர் போலக் கேட்டு, அவரைச் சொல்லவைத்துப் பாருங்கள்.

## ஊருக்குப் போகும் முன் பட்டியலை மாற்றுங்கள்

ஜூலையில் குடும்பத்தோடு சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய் இறங்கியதும் போனில் அங்குள்ள சிம்மைப் போடுவோம். கனடா நம்பர் அணைந்துவிடும். டொராண்டோவில் அதிகாலை 2 மணிக்கு அலாரம் அடித்தால் அங்கே பகல் பதினொன்றரை, நீங்கள் விழித்துத்தான் இருப்பீர்கள். ஆனால் மையம் கூப்பிடுவது அணைந்துபோன நம்பரை. பல மையங்கள் வெளிநாட்டு எண்ணுக்குப் போன் போடுவதும் இல்லை. ஆகவே கிளம்பும் முன் பட்டியலின் முதல் இரண்டு இடத்தில், உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும், சாவி வைத்திருக்கிற இருவரின் எண்களைப் போடுங்கள். அவர்களுக்கு ரகசியச் சொல் தெரிய வேண்டும், கோடும் தெரிய வேண்டும். மையத்தின் எண்ணை அவர்கள் போனில் பெயரோடு சேமிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தெரியாத எண் என்று விட்டுவிடுவார்கள்.

## சேவை தொடங்கிய அன்று

பணம் கட்டியதும் வேலை முடிந்ததாக நினைக்காமல் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மையத்துக்குப் போன் போட்டு, கணக்கு எண்ணும் ரகசியச் சொல்லும் சொல்லி, "ஒரு மணி நேரத்துக்கு என் கணக்கைச் சோதனையில் போடுங்கள்" என்று கேளுங்கள். அப்படிப் போட்டால் என்ன அலாரம் வந்தாலும் யாரையும் அனுப்பமாட்டார்கள். பிறகு அலாரத்தைப் போட்டு ஒவ்வொரு கதவையும் திறந்து மூடுங்கள், ஒவ்வொரு அசைவு சென்சார் முன்னாலும் நடந்து போங்கள், புகை சென்சாரின் சோதனைப் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். எதை எந்த நேரத்தில் தொட்டீர்கள் என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து ரவுட்டரைப் பிடுங்கிவிட்டு ஒரு கதவை மறுபடி திறவுங்கள், செல் வழி வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும்.

முடிந்ததும் மையத்தைக் கூப்பிட்டு, வந்த செய்திகளை வாசிக்கச் சொல்லுங்கள். "மண்டலம் 3, பின்கதவு" என்று இடத்தின் பெயரோடு அவர் சொல்ல வேண்டும். வெறும் "மண்டலம் 3" என்றால் அவர் திரையில் பெயர் இல்லை, போலீசுக்கும் அவரால் இடம் சொல்ல முடியாது. மண்டலப் பட்டியலை அன்றே மின்னஞ்சலில் அனுப்புங்கள். உங்கள் தாளில் இருக்கிற, ஆனால் அவர் பட்டியலில் இல்லாத சென்சார் ஏதாவது இருந்தால், சோதனையை முடித்துவைக்காமல் கம்பெனியிடம் அதைச் சரிசெய்து தரக் கேளுங்கள். வேறு கம்பெனியிலிருந்து மாறுகிறவர்கள் எல்லாம் சரியாக வந்த பிறகு பழைய கம்பெனிக்கு ரத்துக் கடிதம் அனுப்பலாம், அதற்கு முன் வேண்டாம்.